இரண்டு நிமிஷம் நாற்பது செகண்டு

சுந்தரராஜுலுவை எனக்கு முதலில் பிடிக்கவே பிடிக்காது. இதைச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பதுதான் நியாயம்.

பீளமேட்டுப் பக்கம் ஒரு பஞ்சாலையில் நான் ரிங் பிரேம் என்ற நூல் நூற்கும் மெஷின் ஓட்டுகிற தொழிலாளி. அவர் டைம் ஸ்டடி ஆபீசர். அறுந்த நூலை ஒரு ஆள் எடுத்து ஒட்டுவதற்கு எத்தனை செகண்டு ஆகிறது, ஒரு மெஷினிலிருந்து அடுத்த மெஷினுக்கு நடக்க எத்தனை செகண்டு ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து எழுதுவது அவருடைய உத்தியோகம். அவர் எழுதிக்கொண்டு போனால் அடுத்த மாதம் நம் தலையில் இன்னொரு மெஷின் ஏறும். அப்படிப்பட்ட ஆளை யாருக்குப் பிடிக்கும்?

வாட்ச்சோடு அவர் வருவது தெரிந்தால் நாங்கள் எல்லோரும் ஆடி அசைந்து நடப்போம். அது அவருக்கும் தெரியும். அதனால் வாட்ச்சைப் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி பக்கத்தில் வந்து நின்று, மெஷின் இரைச்சலுக்கு மேலே காதருகில் கத்துவார்: “ஏனுங்க சென்னியப்பன், ஊட்டுல எருமை கன்னு போட்டுருச்சுங்களா?”

நானும் எருமையைப் பற்றிச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வழக்கமான வேகத்தில் கையை ஓட்டுவேன். அவர் பைக்குள் கட்டைவிரல் அசைவதை ஒரு வருஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அதற்குள் எனக்கு ஒரு மெஷின் கூடியிருந்தது. எருமையால் வந்த வினை என்று என் மனைவியிடம் சொன்னேன், அவளுக்குப் புரியவில்லை.

இந்த மனுஷன்தான் ஒரு சினிமாவுக்கு இசையமைத்தார். ஒரே ஒரு சினிமா. 1995ஆம் வருஷம் கோயமுத்தூரில் பதினோரு நாள் ஓடியது. படத்தின் பேரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்லவில்லை.

அவருக்கு இசை வந்தது பாப்பநாயக்கன்பாளையத்து ராம பஜனையில். சின்ன வயதில் ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியை அமுக்கிக் கொடுக்க உட்கார்ந்தவர், கொஞ்ச நாளில் பெட்டிக்காரரையே எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். பிறகு கீபோர்டு. கல்யாணம், கோயில் நோம்பி, திருவிழா என்று ஒரு மெல்லிசைக் குழு. அதில் தாளத்துக்கு ரிதம் பேட் தட்ட ஆள் தேடியபோது நான் போய்ச் சேர்ந்தேன். ஆக, மில்லில் பகை, மேடையில் கூட்டு.

அதோடு தியேட்டர்களில் இடைவேளைக்கு ஓடும் விளம்பரப் படங்களுக்கும் இசை போடுவார். இருபது செகண்டுக்குள் கிரைண்டர் மாவாட்ட வேண்டும், மருமகள் சிரிக்க வேண்டும், மாமியார் மனம் மாற வேண்டும். மனுஷன் பதினெட்டு செகண்டில் மாமியாரை மாற்றிவிட்டு, மீதி இரண்டு செகண்டைக் கம்பெனி பேருக்கு ஒதுக்குவார். இதில் அவரை அடித்துக்கொள்ள ஊரில் ஆள் இல்லை. ஆனால் நாற்பத்தெட்டு வயதில் ஒரு ஆளுக்கு மாமியாரை மாற்றினால் மட்டும் போதுமா? முழுநீளப் படம் ஒன்றுக்கு இசை போட வேண்டும் என்ற ஆசை அவருக்கு உள்ளுக்குள் கிடந்து அரித்தது.

அந்த ஆசைக்குத் தீனி போட்டவன் கிருபாசங்கர். மெட்ராஸில் ஆறு வருஷம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு வந்த பையன். பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்யும் அவனுடைய தாய்மாமன் பாலுசாமி படமெடுக்க முன்வந்தார். பாட்டுகளை மெட்ராஸில் ஒருவர் போட்டுக் கொடுத்துவிட்டு, தனக்கு வேறு ஏழு படம் இருக்கிறது என்று போய்விட்டார். பாட்டில்லாத காட்சிகளுக்குப் பின்னால் ஓடும் இசைக்கு ஆள் வேண்டும். சினிமாக்காரர்கள் அதை ரீரெக்கார்டிங் என்பார்கள். கிருபாசங்கர் கிரைண்டர் விளம்பரத்தைப் பார்த்தவன். நேராக சுந்தரராஜுலு வீட்டுக்கு வந்து, “அண்ணா, நீங்கதான் பண்ணோணும்” என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. படத்தை வீடியோ கேசட்டில் கொடுத்திருந்தார்கள். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு சுந்தரராஜுலு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கீழே அவர் மனைவி ராமாமணியக்கா முறத்தில் நிலக்கடலையைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குள் பேச்சு தெலுங்கில்தான். நான் இருந்தால் எனக்காகத் தமிழுக்கு மாறிவிடுவார்கள்.

“சத்தமில்லாத படத்தை என்னத்துக்குப் பாக்கறதுன்னு கேளுங்க சென்னியப்பன்” என்றார் அக்கா.

“நீ பாட்டுக்கு உரி. தொணைக்குத்தானே கூப்பிட்டேன்” என்றார் அவர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

கூரையைப் பார்த்தார் என்றதுமே எனக்குப் பொறி தட்டியது. குனிந்து பார்த்தேன். வேட்டி மடிப்புக்குள் கட்டைவிரல் அசைந்தது. எனக்குப் பழக்கமான கட்டைவிரல்.

அக்கா உள்ளே போனதும் விஷயத்தைக் கறந்துவிட்டேன். “நம்மூர்ல யார்கிட்டக் கேட்டாலும் நல்லா இருக்குதுங்கன்னுதான் சொல்லுவாங்க. கெட்டுப்போன சாம்பாரை ஊத்துனாக்கூட நல்லா இருக்குதுங்கன்னு சொல்லிப்போட்டு, ஊட்டுக்குப் போயித்தான் வாந்தி எடுப்பாங்க. இவ என்னைக் கட்டிக்கிட்டு இருபத்திரண்டு வருஷம். நான் என்ன வாசிச்சாலும் அதே வார்த்தைதான். அதனால நான் வாயைக் கேக்கறதில்லீங்க, கையைத்தான் பாக்கறேன்.”

அவருடைய கணக்கு இதுதான். படம் ஓடும்போது அக்காவின் கை எங்கே தானாக நிற்கிறதோ, அங்கே காட்சியே ஆளைப் பிடித்துக்கொண்டது, இசை வேண்டாம். எங்கே கை பாட்டுக்கு உரித்துக்கொண்டிருக்கிறதோ, அங்கே இசை போய் அந்தக் கையை நிறுத்த வேண்டும். எங்கே கை வேகமாக ஓடுகிறதோ, அங்கே டைரக்டர் இழுத்துவிட்டான். இசை அவனைக் கழுத்தில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். படம் முழுவதற்கும் இப்படி நிமிஷம், செகண்டு போட்டு ஒரு நோட்டு வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. மில்லில் எங்களை அளந்தது போதாதென்று கட்டின பெண்டாட்டியையும் அளக்கிறாரே என்று. ஆனால் வாசித்துப் பார்த்தபோது சும்மா சொல்லக் கூடாது, நோட்டு சொன்ன இடத்தில் எல்லாம் இசை சரியாகப் போய் உட்கார்ந்தது.

வம்பு ஒன்பதாவது ரீலில் இருந்தது. படத்தின் உயிரே அங்கேதான் என்பான் கிருபாசங்கர். கிணற்றுப் பங்கில் சண்டை போட்டுப் பத்து வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி. பொள்ளாச்சியிலிருந்து கோயமுத்தூர் போகும் பஸ்ஸில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். தம்பி ஏறுகிறார். காலியாக இருப்பது அண்ணனுக்குப் பக்கத்து இடம் ஒன்றுதான். வேறு வழியில்லாமல் உட்காருகிறார். இருவரும் எதிரெதிர் பக்கம் பார்க்கிறார்கள். கண்டக்டர் வருகிறார். அண்ணன், “ரெண்டு” என்கிறார். அவ்வளவுதான் காட்சி. இரண்டு நிமிஷம் நாற்பது செகண்டு.

நோட்டில் அந்த இடத்தில், ‘கை முழுக்க நின்றது. இசை வேண்டாம்’ என்று எழுதியிருந்தார். முப்பது வயலினாவது வரும் என்று கனவு கண்டுகொண்டிருந்த கிருபாசங்கர் எச்சிலை விழுங்கிக்கொண்டு, “நீங்க சொன்னா செரிங்கண்ணா” என்றான்.

கிராஸ் கட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்டூடியோவில் எல்லாவற்றையும் பதிவு செய்து முடித்தோம். பாலுசாமி பொள்ளாச்சியிலிருந்து ஒரு டின் முறுக்கோடு வந்து, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார். முதல் எட்டு ரீல் நன்றாகப் போயிற்று. பஸ் காட்சி வந்தது. தம்பி உட்கார்ந்தார். பாலுசாமி ஒரு முறுக்கை எடுத்துக் கடக்கென்று கடித்தார். அவர் சம்சாரம், காப்பி சொல்லியாகிவிட்டதா என்று கேட்டார். யாரோ ஃபேனைக் கூட்டச் சொன்னார்கள். கண்டக்டர் வருவதற்குள் நாலு முறுக்கு காலி.

படம் முடிந்ததும் பாலுசாமி கையைத் துடைத்துக்கொண்டு, “நல்லா இருக்குதுங்க” என்றார். எல்லோரும் நல்லா இருக்குதுங்க என்றார்கள். சுந்தரராஜுலு முறுக்கு டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் எஸ்.டி.டி. பூத்தில் எனக்கு முன்னால் கிருபாசங்கர் நின்று மெட்ராஸுக்குப் பேசிக்கொண்டிருந்தான். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தவில்லை. “ஆமாங்க, ஒன்பதாவது ரீலுக்கு மட்டும் அங்கயே ஒரு ஆளை வெச்சு... இல்லீங்க, இவருகிட்டச் சொல்ல எனக்கு மனசு வரலீங்க. டைட்டில்ல ரெண்டு பேரு பேரும் போட்டுக்கலாங்க.” அடுத்த திங்கட்கிழமை ரீல்கள் மிக்ஸிங்குக்கு மெட்ராஸ் போக வேண்டும். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டான், முதுகுக்குப் பின்னால் மரியாதையாகச் செய்துவிடுவான். எங்கள் ஊர் மரியாதையில் எனக்குப் பிடிக்காத பக்கம் இது. நான் நேராகப் போய் சுந்தரராஜுலுவிடம் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் செத்துப்போயிற்று. “என்ற பேரு மட்டும் தனியா ஒரு படத்துல பின்னணி இசைன்னு வரோணும்னு நெனைச்சேன் சென்னியப்பன். இந்த சீனை விட்டா நான் சாகற வரைக்கும் கிரைண்டருக்குத்தான் வாசிக்கோணும்” என்றார். எட்டு வருஷமாக என்னை அளந்த மனுஷனுக்காக எனக்கு அன்றைக்கு வருத்தமாக இருந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.

அன்று மத்தியானமே மறுபடி கேசட்டைப் போட்டு, அக்காவை உட்கார வைத்து, மறுபடி அளந்தார். தம்பி உட்கார்ந்த நொடியில் கை நின்றது. கண் இமைக்கவில்லை. காட்சி முடிந்ததும் ஒரு பெருமூச்சு. சுந்தரராஜுலு என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய், கண் கலங்கச் சொன்னார்: “ஊர்ல ஒருத்தனுக்கும் உறைக்காதது இவளுக்கு உறைக்குது பாருங்க. இத்தனை எளகின மனசுக்காரின்னு எனக்கு இருபத்திரண்டு வருஷமாத் தெரியாமப் போச்சுங்களே!”

அதற்கப்புறம் மனுஷன் பண்ணியதுதான் தாங்க முடியாத கூத்து. பூ மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு முழம் முல்லை வாங்கி வந்தார். மறுநாள் மூன்று முழம். அக்கா தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் ஓடிப்போய் வாங்கினார். அக்கா பயந்துவிட்டார். புதன்கிழமை காலையில் தலை நிறையப் பூவோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங்க சென்னியப்பன், அவருக்கு ஒடம்புக்கு ஏதாவதுங்களா? டாக்டரு ஏதாவது சொல்லிப்போட்டாருங்களா?”

நான் கடலை, வாட்ச், நோட்டு எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் கோபம், அப்புறம் சிரிப்பு, கடைசியில் அழுகை. “அய்யோ, நான் அந்த அண்ணன் தம்பியைப் பாக்கவே இல்லீங்களே” என்றார். “நான் பாத்தது பின்சீட்டை.”

விஷயம் இதுதான். கிருபாசங்கர் நிஜப் பஸ்ஸில் நிஜப் பயணிகளை வைத்தே படம் பிடித்திருந்தான். அண்ணன் தம்பிக்குப் பின்னால், இரண்டு தலைகளுக்கும் நடுவில் தெரிகிற சீட்டில், அக்காவின் அண்ணன் மகள் ஷ்ரவ்யா உட்கார்ந்திருந்தாள். சரவணம்பட்டியில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற பெண். காலேஜ் நாளில், பொள்ளாச்சி பஸ்ஸில், பக்கத்தில் ஒரு பையனோடு. கேமராவைப் பார்க்கக் கூடாது என்று படக்காரர்கள் கண்டித்துச் சொல்லியிருந்தார்கள். அதனால் இரண்டு பேரும் இரண்டு நிமிஷம் நாற்பது செகண்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா அவளைக் கூப்பிட்டு விசாரித்தாராம். “இந்தப் படமெல்லாம் எங்க ரிலீசாகப் போகுதுன்னு இருந்துட்டேன் அத்தை” என்றாளாம். புத்திசாலிப் பெண்தான்.

“எங்கண்ணன் பாத்தா அன்னிக்கே அவ படிப்பை நிறுத்திப்போடுவாருங்க. அதனாலதான் இவருகிட்டக்கூடச் சொல்லலை” என்றார் அக்கா. அண்ணன் வெங்கிடபதியை எனக்குத் தெரியும். கணபதியில் ஃபவுண்டரி வைத்திருக்கிறார். உருக்கு உலைக்குப் பக்கத்திலேயே நின்று நின்று அந்தச் சூடு அவருக்குள்ளேயும் போய்விட்டது. பாகம் பிரிக்கும்போது ஒரு லேத் மெஷின் யாருக்கு என்று தம்பியோடு சண்டை வந்து, ஆறு வருஷமாக அடுத்தடுத்த வீட்டில் பேசாமல் இருப்பவர். அந்த லேத் இப்போது ஓடுவதும் இல்லை.

“நான் சொல்ல மாட்டேனுங்கக்கா. நீங்களே ஸ்டூடியோவுக்கு வந்து சொல்லிப்போடுங்க” என்றேன்.

வியாழக்கிழமை அக்கா ஸ்டூடியோவுக்கு வந்தார். கிருபாசங்கர் பொள்ளாச்சி போயிருந்தான்; ரீல் அனுப்பும் வேலையில் நானும் சுந்தரராஜுலுவும் மட்டும்தான் இருந்தோம். இருபத்திரண்டு வருஷத்தில் அக்கா ஸ்டூடியோவுக்குள் காலடி வைத்தது அதுதான் முதல் தடவை. வந்ததும் வராததுமாக, “அந்த பஸ் சீனைப் போடுங்க” என்றார். ஓடி முடிந்தது.

“இதுல ஒண்ணுமே இல்லீங்க” என்றார் அக்கா. “ரெண்டு ஆம்பளைங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. எனக்கு ஒரு மண்ணும் தோணலை. இதை மியூசிக் இல்லாம வெறும் பஸ் சத்தமா விட்டது உங்க தப்பு.”

சுந்தரராஜுலு வாய் பிளந்தார். அவர் வாழ்க்கையில் அவருக்கு நேராக ஒருவர் சொன்ன முதல் விமர்சனம் அது. சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று அவர் முடிவு செய்வதற்குள் அக்கா திரையில் விரலை வைத்து, “நான் பாத்தது இதை” என்றார்.

சுந்தரராஜுலு தெலுங்கில் கத்த ஆரம்பித்தார். எனக்கு மொழி புரியவில்லை, விஷயம் புரிந்தது. கத்திக்கொண்டே காட்சியைத் திருப்பிப் போட்டார். மறுபடி போட்டார். மூன்றாவது தடவை கத்தல் குறைந்தது. ஐந்தாவது தடவை டி.வி.க்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பேசவே இல்லையே ரெண்டும்” என்றார் என்னிடம். “முன்சீட்டுலயும் பேசலை, பின்சீட்டுலயும் பேசலை. பின்னால மட்டும் என்னமோ நடக்குது பாருங்க.”

“சீனை வெட்டச் சொல்லுங்க” என்றார் அக்கா.

“கிருபா அவன் கையை வேணும்னா வெட்டிக்குவான், இதை வெட்ட மாட்டான்.”

“அப்படின்னா எங்கண்ணன் கண்ணு பின்சீட்டுக்குப் போகாத மாதிரி மியூசிக் போடுங்க. அவ படிச்சு முடிக்கோணும்.”

எந்தத் தயாரிப்பாளரும் எந்த இசையமைப்பாளருக்கும் இவ்வளவு தெளிவாக வேலை சொல்லியிருக்க மாட்டார். இந்தக் காட்சியில், இந்த ஆளின் கண், இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. நாள் மூன்று இருந்தது.

சுந்தரராஜுலு ஸ்டாப்வாட்ச்சை எடுத்தார். இந்தத் தடவை அளந்தது முன்சீட்டை. அண்ணனின் பெருவிரல் கம்பியில் அசைவது, தம்பி துண்டைச் சரி செய்வது, பஸ் குலுங்கும்போது இரண்டு தோளும் ஒட்டிப் பிரிவது என்று மொத்தம் அறுபது சின்ன அசைவுகள். “கண்ணு எங்க போகும்ங்க? என்னமோ நடக்கப் போகுதுன்னு தோணற எடத்துக்குப் போகும். நூல் அறுகறதுக்கு முன்னாடியே உங்க கண்ணு அங்க போகுமில்லீங்க, அது மாதிரி” என்றார் என்னிடம். என் கண் அப்படிப் போகும் என்று எனக்கே தெரியாது. இவர் அதையும் அளந்திருக்கிறார்!

அறுபது அசைவுக்கும் அறுபது சத்தம். ஒவ்வொன்றும் அசைவுக்கு அரை செகண்டு முன்னால். விரல் அசைவதற்கு அரை செகண்டு முன்னால் என் பேடில் ஒரு சின்னத் தட்டல் வரும், பார்க்கிறவன் கண் கம்பிக்கு ஓடும், விரல் அசையும். அடுத்தது துண்டு. அடுத்தது தோள். கண்ணுக்கு மூச்சுவிட நேரம் இல்லை. என்னை முப்பத்தேழு தடவை வாசிக்க வைத்தார். கால் செகண்டு பிந்தினால்கூட, “மறுபடிங்க” என்பார். மில்லில் நான் இவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்ததே இல்லை.

ஆனால் மெட்டு? அதற்கு அவர் முன்சீட்டைப் பார்க்கவே இல்லை. கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு, வீட்டிலிருந்து ஆர்மோனியத்தை வரவழைத்து, துருத்தியை மெதுவாக அமுக்கிக்கொண்டு, அந்தப் பெண்ணையும் பையனையும் பார்த்தபடியே வாசித்தார். திட்டிக்கொண்டேதான் வாசித்தார். “படிக்கற வயசுல பொள்ளாச்சி கேக்குதா கழுதைக்கு” என்று ஒரு வரி திட்டு, ஒரு வரி மெட்டு. திட்டு சூடாக ஆக மெட்டு இளகிக்கொண்டே போயிற்று. அவ்வளவு ஏக்கமான ஒன்றை அந்த டைம் ஸ்டடி ஆபீசருக்குள்ளிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. அதைக் கொண்டுபோய் அண்ணன் தம்பி மேல் போர்த்தினார்.

ஞாயிற்றுக்கிழமை பாலுசாமியைத் திரும்ப வரவழைத்தோம். முறுக்கு டின்னும் வந்தது. தம்பி உட்கார்ந்தபோது பாலுசாமி ஒரு முறுக்கை எடுத்தார். “ரெண்டு” என்று அண்ணன் சொல்லும்போது அது வாய்க்கும் டின்னுக்கும் நடுவில் அப்படியே இருந்தது. படம் முடிந்ததும் பாலுசாமி எழுந்து, போன தடவை சொன்ன அதே குரலில், “நல்லா இருக்குதுங்க” என்றார். கிருபாசங்கர் வெளியே போய், எஸ்.டி.டி. பூத்தில் மெட்ராஸுக்குப் பேசி, ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

படம் வந்தது. டைட்டிலில் சுந்தரராஜுலு பேர் தனியாக வந்தபோது ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் கைதட்டினார்கள். ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள், வெங்கிடபதி உட்பட. அவருக்கு ஒரு பக்கம் ஷ்ரவ்யா, குனிந்த தலை நிமிராமல். இன்னொரு பக்கம் ராமாமணியக்கா, கும்பிடாத சாமி இல்லை. ஒன்பதாவது ரீலில் நான் படத்தைப் பார்க்கவில்லை, வெங்கிடபதியைப் பார்த்தேன். கம்பி, துண்டு, தோள் என்று அவர் கண் நாங்கள் போட்ட வழியில் அப்படியே போயிற்று. “ரெண்டு” என்றதும் கர்ச்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

வெளியே வந்து, “நல்லா இருக்குதுங்க மாப்பிள்ளை” என்றார். அவ்வளவுதான். அக்கா எனக்கு ஒரு கும்பிடு போட்டார்.

நாங்கள் செய்த தப்பு எங்களுக்கு அப்போது தெரியவில்லை. கண்ணைக் கட்ட நினைத்து, கூடவே மனசையும் கட்டிவிட்டோம். வெங்கிடபதி செவ்வாய்க்கிழமை தனியாகப் போய் மறுபடி பார்த்திருக்கிறார். ஒன்பதாம் நாள், ஆறு வருஷத்தில் முதல் முறையாகப் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று, பேசாமல் சினிமா டிக்கெட்டை நீட்டியிருக்கிறார். இரண்டு டிக்கெட். தம்பியும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மேட்னி ஷோ. நடுவில் ஒரு சீட்டை விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பஸ் காட்சி வந்தது. ஆர்மோனியம் வந்தது. அண்ணன் கர்ச்சீப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது தம்பி அவர் பக்கம் சாய்ந்து, ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினார்:

“அண்ணா, பின்சீட்டுல நம்ம ஷ்ரவ்யா.”

ஐந்தரை மணிக்கு இருவரும் சுந்தரராஜுலு வீட்டுக்கு வந்து நின்றார்கள். நான் அங்கேதான் இருந்தேன். நான் இருந்ததால் தமிழில்தான் பேசினார்கள்.

“ராமாமணி, உனக்குத் தெரியுமா?” என்றார் வெங்கிடபதி.

“தெரியும்ணா.”

“மாப்பிள்ளைக்கு?”

“தெரியுமுங்க மச்சான்.”

என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“ஆக, என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.” அவர் முகம் சிவந்து கிடந்தது. கத்தப் போகிறார் என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் வெங்கிடபதி நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பி தள்ளி நின்றார். “ரெண்டு தடவை பாத்தேனுங்க மாப்பிள்ளை. என்ற மகள் என் கண்ணுக்கு முன்னாடி இருக்கா, எனக்குத் தெரியலை. என்ன பண்ணுனீங்க என்னை?”

சுந்தரராஜுலு அறுபது அசைவையும் அரை செகண்டையும் சொன்னார். வெங்கிடபதி தொழில்காரர். மெஷினைப் பற்றிக் கேட்பது போல் ஒன்றுவிடாமல் கேட்டார்.

“செரிங்க, அது புரியுது” என்றார். “ஆனா அந்த மெட்டு முன்சீட்டுக்குப் போட்டது இல்லைங்களே. ரெண்டு தடவையும் எனக்கு அதுதான் ஒதைச்சுது. அண்ணந்தம்பிக்குள்ள அத்தனை ஆசை இருக்காதுங்க. எனக்குத் தெரியும்.”

சுந்தரராஜுலு பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னால் நின்ற தம்பி, “இருக்கும்ணா” என்றார்.

வெங்கிடபதி தலையைத் திருப்பாமல், பக்கத்து நாற்காலியின் மேல் கிடந்த துணியை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டார். தம்பி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா காப்பி போட உள்ளே போனார்.

காப்பி வந்ததும் வெங்கிடபதி கேட்டார்: “அந்தப் பையன் பேரென்னங்க மாப்பிள்ளை?”